மழைக்காலத்தில் மாயர் நகரங்கள்: காரும் கூடாரமுமாக யுகட்டானைச் சுற்றிவர

மெக்சிகோவின் தென்கிழக்கிலுள்ள யுகட்டான் தீபகற்பத்தின் வடபாதியில் தரைமேல் ஓடும் ஆறே கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி மறைந்துவிடும். இந்தப் பக்கத்தில் நகரங்கள் கட்டிய பழங்கால மக்களான மாயர்கள், தண்ணீரை இடத்துக்கு ஏற்பத் தடுத்துப் பிடிக்கத் தெரிந்தவர்கள். உஷ்மாலில் முற்றத்துக்கு அடியில் தொட்டி குடைந்தார்கள். தெற்கே கலக்முல்லில் குளம் வெட்டினார்கள். தென்மேற்கே மழை கொட்டும் பலென்கேயில் ஓடையையே கல்பாவிய கால்வாயில் அடைத்து, ஊர் நடுவே ஓடவிட்டார்கள். கூடாரத்தோடு போகிறவர் முதலில் இதைத்தான் பார்க்கக் கற்க வேண்டும்: தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது. கூடாரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எப்போது போவது

நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை காய்ந்த பருவம். மே கடைசியில் மழை பிடிக்கும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். முதல்முறை போகிறவர்கள் அந்த இரண்டரை மாதத்தில் கூடாரத்தை நம்பிப் பயணம் வகுக்க வேண்டாம். ஜூனிலும் நவம்பர் கடைசியிலும் போனால் காடு பசுமையாக இருக்கும், கூட்டமும் குறைவு.

மூன்று வகை மழைக்காற்று உண்டு, மூன்றுக்கும் ஏற்பாடு வேறு. முதலாவது, மழைக்காலத்துப் பிற்பகல் இடிமழை: காலையில் வானம் தெளிவாக இருக்கும், ஒரு மணிக்கு மேல் மேகம் கோபுரமாக எழும்பும், மூன்று நான்கு மணிக்குக் கொட்டித் தீர்க்கும். இரண்டாவது, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் 'நோர்த்தே' காற்று. ஒன்றிரண்டு நாள் விடாமல் அடிக்கும், கடற்கரையில் கூடாரம் நிற்காது, உள்நாட்டில் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். பருத்திப் போர்வை மட்டும் எடுத்துப் போனவர்கள் நடுங்கிப்போவது இதில்தான். மூன்றாவது சூறாவளி. அதைக் கூடாரத்தில் எதிர்கொள்ளவே கூடாது.

வண்டி எடுக்கும்போது

கான்கூன் விமான நிலையத்தில் கார் எடுப்பது எளிது. இணையத்தில் காட்டும் வாடகையில் பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்திருக்காது. மெக்சிகோவில் அது கட்டாயம். கடன் அட்டையோடு வரும் காப்பீடு பொதுவாக வண்டிச் சேதத்துக்குத்தான், அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கு உதவாது. அந்தத் தொகை சேர்ந்ததா என்று முன்பதிவிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வண்டியைச் சுற்றிப் படம் எடுக்கும்போது இரண்டு பொருளைத் தனியாகப் பாருங்கள். ஒன்று மாற்று டயர், ஜாக்கியோடு. இன்னொன்று வைப்பர் ரப்பர். அங்கே வெயிலில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மழையில் போட்டால் கண்ணாடியில் பட்டை பட்டையாக இழுக்கும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஓடவிட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு நேர்ச் சாலையில் சிக்கல் வராது. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும் அந்த ஒரு நொடியில்தான் கை பழைய பக்கம் இழுக்கும். ஊருக்குள் 'தோப்பே' எனப்படும் வேகத்தடைகள் பலவற்றுக்கு வண்ணமும் இல்லை, பலகையும் இல்லை. மழை பெய்து தண்ணீர் தேங்கினால் இன்னும் தெரியாது. வீடுகள் கண்ணில் பட்டதும் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். முன்னால் போகும் லாரி இடது விளக்கைச் சிமிட்டினால் 'முந்திப் போ' என்றும் பொருள், 'நான் இடப்பக்கம் திரும்புகிறேன்' என்றும் பொருள். உறுதியாகத் தெரியாமல் முந்தாதீர்கள். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம்: மாடு, விளக்கில்லாத சைக்கிள், குழி எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

பெட்ரோல் நிலையத்தில் ஊழியர்தான் ஊற்றுவார். அளவி சுழியத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு 'யெனோ' என்று சொன்னால் முழுத்தொட்டி. பாதித் தொட்டிக்குக் கீழே போகவிடாதீர்கள், செத்துமாலுக்கும் எஸ்கார்செகாவுக்கும் இடையே குறிப்பாக. அவசர உதவிக்கு 911. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 'பச்சைத் தேவதைகள்' என்ற அரசு உதவி வண்டிகளுக்கு 078.

வழி

கான்கூனில் தொடங்கி வலஞ்சுழியாக ஒரு சுற்று. 307ஆம் எண் சாலையில் துலும் 130 கிலோமீட்டர். அங்கிருந்து பகலார் ஏரி 210, செத்துமாலைத் தொட்டு 186ஆம் சாலையில் மேற்கே திரும்பினால் ஷ்புஹில் 160. பெகான், சிகன்னா இரண்டும் ஷ்புஹிலுக்குப் பக்கத்திலேயே. இன்னும் 50 கிலோமீட்டர் தாண்டிக் கோனுவாஸ்; கலக்முல்லுக்கு அங்கே பிரிய வேண்டும். பிறகு எஸ்கார்செகா வழியாகப் பலென்கே. திரும்பும்போது காம்பேச்சே, உஷ்மால், மெரிதா, சிச்சென் இட்சா, வயாதோலித், கான்கூன். மொத்தம் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். பத்து நாளில் முடியும். மழைக்காலத்தில் 12 நாள் வையுங்கள், அந்த இரண்டு நாளைக் காலியாகவே விடுங்கள். நாளுக்கு ஓர் இடம் என்று நெருக்கி எழுதியவர்கள்தான் இடிமழையிலும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பலென்கேக்குத் தெற்கே, சான் கிறிஸ்தோபல் பக்கமும் குவாத்தமாலா எல்லைப் பக்கமும் போகும் சாலைகளில் மறியலும் வழிப்பறியும் நடந்திருக்கின்றன. புதியவர்கள் பலென்கேயோடு திரும்புங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். கான்கூன் இருக்கும் கிந்தானா ரூ மாநிலம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. யுகட்டான், காம்பேச்சே மாநிலங்கள் பின்னால். ஷ்புஹில் போகும்போது ஒரு மணி நேரம் கிடைக்கும். வயாதோலித்திலிருந்து கான்கூன் விமானத்துக்குக் கிளம்பும் நாளில் அதே ஒரு மணி நேரம் பறிபோகும். இடிபாடுகள் பொதுவாகக் காலை 8 முதல் மாலை 5 வரை. உள்ளே விடுவதை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள்.

நுழைவுச்சீட்டு பல இடங்களில் ஒன்றல்ல, இரண்டு. கலக்முல்லில் ஊர் நிலத்துக்கு ஒன்று, வனக்காப்பகத்துக்கு ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று என மூன்று. பெசோ நோட்டாக, சில்லறையாக வைத்திருங்கள்.

கலக்முல் நாள்

இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான். பிரிவுச் சாலையிலிருந்து 60 கிலோமீட்டர் காட்டுக்குள். சாலை குறுகல், மழையில் இலையும் சேறும் படிந்திருக்கும், வளைவில் மயில் போன்ற காட்டு வான்கோழிகள் நடுச்சாலையில் நிற்கும். ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். உள்ளே கடை இல்லை, பெட்ரோல் இல்லை, கைபேசிக் கோபுரம் எட்டாது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், மதிய உணவு, தரவிறக்கிய வரைபடம் இவற்றோடு, கதவு திறக்கும் நேரத்துக்கு அங்கே நில்லுங்கள்.

உள்ளே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இன்னும் மரம் மூடிய மேடுகள். இரண்டாம் எண் பிரமிடு 45 மீட்டருக்கு மேல் உயரம். படி உயரமாகவும் அகலம் குறைந்தும் இருக்கும்; பக்கவாட்டில் பாதம் வைத்துக் கோணலாக ஏறினால் முழங்கால் தாங்கும். ஈரச் சுண்ணாம்புக்கல்லில் பாசி பிடித்தால் நல்ல பூட்சும் வழுக்கும், ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுவார்கள். எதில் ஏற அனுமதி என்பது அடிக்கடி மாறும். கயிறு கட்டியிருந்தால் கீழே நின்று பாருங்கள்.

முதலில் நேராகப் பெரிய பிரமிடுக்குப் போய்விட்டு, 11 மணிக்குள் இறங்கிவிடுங்கள். சிறிய கட்டடங்களை அப்புறம் நிழலில் பார்க்கலாம். மேலே நிற்கும்போது சுற்றிலும் பச்சைக் கடல்; அந்தக் கடலுக்கு மேலே தலை நீட்டி நிற்பவை நீங்கள் நிற்பதைப் போன்ற ஓரிரண்டு பிரமிடுகள் மட்டுமே. மின்னல் எதைத் தேடுமோ அதன் உச்சியில் நிற்கிறீர்கள்.

மின்னல் கணக்கு எளிது. ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வெளியே. கூரையும் கதவும் உலோகமாக இருக்கும் கார் பாதுகாப்பு. கூடாரம், ஓலைக் கூரை, தனி மரத்தடி மூன்றும் பாதுகாப்பு இல்லை.

கூடாரம் போடுவது

இடிபாட்டு வளாகத்துக்குள் தங்க அனுமதி இல்லை. கோனுவாஸ் பக்கத்திலும், பகலார் ஏரிக்கரையிலும், பலென்கே ஊருக்கும் இடிபாட்டுக்கும் இடைப்பட்ட சாலையிலும் கூடார இடங்கள் இருக்கின்றன. மாலை 3 மணிக்குள் போய்ச் சேருங்கள். மழை தொடங்கிய பிறகு போட்ட கூடாரம் அன்றிரவு முழுக்க ஈரம்தான்.

முதலில் மேலே பாருங்கள். காய்ந்த கிளை, தென்னங்காய் இரண்டும் தலைக்கு மேல் கூடாது. அடுத்து 'செச்செம்' மரம். பட்டையில் தார் வழிந்ததுபோல் கருங்கோடுகள் ஓடும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். மழைநீர் அந்தப் பாலைக் கழுவிக்கொண்டு சொட்டும். நம் ஊர்ச் சேங்கொட்டை மரத்தின் குடும்பம்தான் இதுவும், அதனால் அதன் குணம் பலருக்கும் புரியும். அருகிலேயே செம்பட்டை தோல் உரிந்து தொங்கும் 'சக்கா' மரம் நிற்கும், அதன் சாறு செச்செம் புண்ணுக்கு மருந்து என்பது உள்ளூர் வழக்கம். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

பிறகு கீழே பாருங்கள். சாம்பலும் கருப்புமான களிமண் வெடித்துக் கிடந்தால், குட்டையான முறுக்கிய மரங்கள் அடர்ந்திருந்தால், அது 'பஹோ'. காய்ந்த நாளில் சமதளமாக, கூடாரத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒரு நல்ல மழையில் குளம் ஆகிவிடும். சுற்றிலும் இருப்பதைவிட அரை அடி, ஒரு அடி உயர்ந்த இடமாகத் தேடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் உறிஞ்சினால் நல்லது, பரவி ஒரு பக்கம் ஓடினால் அந்தப் பக்கத்தை விடுங்கள், நின்றால் இடத்தையே மாற்றுங்கள்.

காட்டோரம் ஒரு மேடு மட்டும் அழகாக, காய்ந்து நிற்கும். வெள்ளத்துக்கு மேலே இருக்கட்டும் என்று மாயர்கள் வீட்டுக்கு மேடை எழுப்பிய வழக்கம் அது. அந்த மேட்டுக்கு அடியில் ஒரு வீடு இருக்கலாம். அதில் முளை அடிக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லியல் எச்சங்கள் நாட்டின் உடைமை. அதில் கை வைப்பது குற்றம்.

இனி முளை. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. கூடாரத்தோடு வரும் அலுமினிய முளை வளைந்துவிடும். 20 சென்டிமீட்டர் இரும்பு ஆணி பத்து, ஒரு சுத்தி எடுத்துப் போங்கள். ஆணியும் இறங்காத இடத்தில் கயிற்றை ஒரு குச்சியின் நடுவில் கட்டித் தரையில் கிடத்தி, கயிற்றின் மேலே, குச்சிக்குக் கூடாரப் பக்கமாக, தலையளவு கல்லை ஏற்றுங்கள். காற்று இழுக்கும்போது குச்சி கல்லில் முட்டி நிற்கும். கயிற்றை நேரடியாகக் கல்லில் சுற்றினால் சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு விடிவதற்குள் அறுத்துவிடும்.

குறுகிய பக்கம் காற்றை நோக்க வேண்டும்: மழைக்காலத்தில் பெரும்பாலும் கிழக்கு, நோர்த்தே என்றால் வடக்கு. வாசல் எதிர்ப்புறம். நைலான் கூரை நனைந்தால் தளரும். முதல் மழை விட்டதும் வெளியே வந்து எல்லாக் கயிற்றையும் மறுபடி இறுக்குங்கள். பலர் தூக்கத்தில் இதை விட்டுவிட்டு, வெளிக்கூரை உள்கூரையில் ஒட்டி நனைந்த பிறகு கூடாரம் ஒழுகுகிறது என்பார்கள்.

தரைவிரிப்புக் கூடாரத்தின் அடியைவிடச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரைத் தண்ணீரை அதுவே பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் சேர்க்கும். மேலே 3க்கு 4 மீட்டர் தார்ப்பாய் ஒன்றைக் கட்டி, ஒரு மூலையை மட்டும் தாழ இறக்கி, அந்த மூலை பள்ளத்தை நோக்கியிருக்கும்படி செய்யுங்கள். கூரைத்துணி 1500 மில்லிமீட்டர், அடித்துணி 3000 மில்லிமீட்டர் நீர்த்தாங்கு அளவு இருந்தால் அங்கத்திய மழைக்குப் போதும். காற்றுச் சாளரங்களை மூடாதீர்கள். வெளியே ஈரப்பதம் அவ்வளவு. மூடிப் படுத்தால் மூச்சுக்காற்றே உள்ளே மழையாகச் சொட்டும்.

'பலாப்பா' என்ற ஓலைக் கொட்டகை இருந்தால், மின்னல் இல்லாத வெறும் மழை இரவுக்கு, அதன் தூண்களில் வலைத்தூளி கட்டிப் படுப்பது கூடாரத்தைவிட நல்லது. யுகட்டானில் வீட்டுச் சுவரிலேயே தூளிக் கொக்கி வைத்துக் கட்டுவார்கள். இரு முனைக் கயிற்றிலும் ஒரு சாண் நூலைத் தொங்கவிடுங்கள். கயிறு வழியே வரும் தண்ணீர் அந்த நூலில் இறங்கித் தரையில் சொட்டும்.

காரை வெளியே போகும் திசை நோக்கி, மரத்தடி இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். சாவி, காலணி, தலைவிளக்கு மூன்றும் கைக்கெட்டும் இடத்தில். காலணியைப் போடுமுன் உதறுங்கள், தேள் உண்டு. விடியலில் காட்டுக்குள்ளிருந்து சிங்கம் உறுமுவதுபோல் கேட்டால் அது ஊளைக்குரங்கு, பயப்பட ஒன்றுமில்லை.

சூறாவளிச் செய்தி வந்தால்

அமெரிக்க தேசிய சூறாவளி மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏழு நாள் முன்னோட்டம் தருகிறது. காலை, மாலை இரண்டு முறை பாருங்கள். வரைபடத்தில் தெரியும் கூம்பு, புயலின் நடுப்புள்ளி போகக்கூடிய பரப்பு மட்டும். மழையும் காற்றும் அதற்கு வெளியேயும் அடிக்கும்.

மெக்சிகோ அரசு எச்சரிக்கையை நிறத்தில் சொல்கிறது: நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நம் துறைமுகங்களில் எண்ணிட்ட கூண்டு ஏற்றுவதுபோல், படிப்படியாக ஏறும். நீலத்தில் முகாமைக் கலையுங்கள். பச்சையில் தொட்டி நிரப்பி, இரண்டு நாள் பணத்தை நோட்டாக எடுத்து, கடலை விட்டு உள்நாட்டுக்கு நகருங்கள். மஞ்சள் வருமுன் கான்கிரீட் கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் பணம் எடுக்கும் இயந்திரமும் பெட்ரோல் பம்பும் ஓடாது. காற்று திடீரென்று அடங்கினால் அது நடுக்கண்ணாக இருக்கலாம், வெளியே வராதீர்கள். எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

2007 ஆகஸ்டில் டீன் சூறாவளி ஐந்தாம் வகை வலிமையோடு மஹாவால் அருகே கரையேறித் தீபகற்பத்தின் தெற்கைக் கடந்தது. நீங்கள் போகும் 186ஆம் சாலையின் பகுதிதான் அது. 2005 அக்டோபரில் வில்மா, கொசுமெல்லையும் கான்கூனையும் விட்டு நகர மறுத்து நாள்கணக்கில் நின்றது. ஆனால் சூறாவளி ஆகாத புயலையும் குறைவாக எண்ணாதீர்கள். 2020 ஜூனில் கிறிஸ்தோபல் என்ற புயல் மெதுவாக நகர்ந்து கொட்டிய மழையில் காம்பேச்சேயிலும் தெற்கு யுகட்டானிலும் சாலைகள் மூழ்கின. பாறைக்குள் இறங்கிய தண்ணீர் நிலத்தடியில் ஏறி, வானம் வெளுத்து நாளான பிறகும் பள்ளங்களில் ஊறி வெளியே வரும். சாலையில் தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்க வண்டியை இறக்காதீர்கள். ஓர் அடி ஓடும் தண்ணீர் சிறிய காரைத் தூக்கிவிடும்.

பலென்கேயும் திரும்பும் வழியும்

பலென்கேயில் மலை தொடங்குகிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அரண்மனைக்குக் கிழக்கே ஒதுலும் ஓடை கல்வளைவுக் கால்வாயில் மூடியபடி ஓடுவதை நின்று பாருங்கள். சரிவில் இறங்கும் வெள்ளம் முற்றத்தை அரிக்காமல் இருக்கச் செய்த வேலை அது. உங்கள் கூடாரமும் அதே சரிவின் அடிவாரத்தில்தான் இருக்கும். ஓடைக்கரையிலிருந்து இரண்டு ஆள் உயரமாவது மேலே போடுங்கள். மலைமேல் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே ஓடையை ஏற்றிவிடும். 683இல் இறந்த பக்கால் மன்னனின் கல்லறையை 1952இல் கண்டெடுத்தது இங்குள்ள கல்வெட்டுக் கோயிலின் அடியில்தான்.

உஷ்மால் பக்கம் இதற்கு நேர் எதிர். கிணறும் இல்லை, ஓடையும் இல்லை. சுண்ணம் பூசிய முற்றம் நடுவிலுள்ள துளையை நோக்கிச் சரிய, மழைநீர் குடவயிற்றுத் தொட்டிக்குள் இறங்கும். இதற்குச் 'சுல்துன்' என்று பெயர். உஷ்மாலுக்கு அருகிலுள்ள கபா என்ற மாயர் ஊரில் ஒரு முழுச் சுவரையே மழைத் தெய்வம் சாக்கின் வளைந்த மூக்கு முகங்களால் நிரப்பியதன் காரணம் இந்த வறட்சியில்தான் புரியும். புல் மண்டிய இடத்தில் பாதையை விட்டு விலகாதீர்கள். மூடியில்லாத சுல்துன் வாய் ஒரு காலுக்குப் போதுமான அகலம்.

சிச்சென் இட்சாவுக்குக் காலை 8 மணிக்குப் போய், சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் 10:30க்குள் வெளியே வாருங்கள். பெரிய பிரமிடில் ஏற விடுவதில்லை.

கடைசி இரவு வயாதோலித்தில் கூரையுள்ள அறை எடுங்கள். கூடாரத்தை விரித்துத் துடைத்து, கம்பிகளின் இணைப்பில் ஒட்டிய வெள்ளைச் சேற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். காய்ந்தால் சுண்ணாம்பாக இறுகி, அடுத்தமுறை கம்பி பிரியாது. முளைகளில் மண் ஒட்டியிருந்தால் பல நாட்டு விமான நிலையங்களில் நிறுத்திக் கேட்பார்கள், அவற்றையும் கழுவுங்கள். ஈரத்தோடு மடித்த துணியில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், நாளடைவில் உள்பூச்சும் ஒட்டும். மின்விசிறியைப் போட்டு இரவு முழுக்கக் காயவிட்டுக் காலையில் மடியுங்கள்.